பருப்பைக் குறைக்காமல் வாரம் 1,600 ரூபாய்

கையில் பணம் குறையும்போது வீட்டுச் சமையலில் முதலில் குறைவது பருப்புதான். அரிசியைக் குறைத்தால் பிள்ளைகள் பசி என்று வந்து நிற்பார்கள், உடனே தெரிந்துவிடும். பருப்பு குறைவது யாருக்கும் தெரியாது. இரண்டு கைப்பிடி போட்ட சாம்பாரில் ஒரு கைப்பிடி விழும், கூட ஒரு சொம்பு தண்ணீர் சேரும், புளியும் மிளகாய்த்தூளும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தட்டு நிறைந்திருக்கும், வயிறும் நிறையும். மாதக்கணக்கில் அப்படியே ஓடினால் வளரும் பிள்ளைகளின் உடம்புதான் அதற்கு விலை கொடுக்கும். அதனால் சாப்பாட்டுச் செலவை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் பட்டியலைப் பருப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்கிறேன். அரிசி அடுத்தது. காய்கறி கடைசி.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், அத்தை, ஆறாவதும் மூன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். மும்பை தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் ஒற்றை அறை, மேலே ஒரு பரண். ஃப்ரிட்ஜ் கிடையாது. அவர் தோல் பை தைக்கும் பட்டறையில் பீஸ் கணக்கில் வேலை செய்கிறார், சனிக்கிழமை கூலி. ஆர்டர் இருக்கும் மாதங்களில் சமாளித்துவிடுவோம். இல்லாத மாதங்களில் வாடகை, கரண்ட், பள்ளிச் செலவு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போகச் சாப்பாட்டுக்கு வாரம் 1,600 ரூபாய் நிற்கும். அந்தப் பணத்தில் ஐந்து பேரும் ஒழுங்காகச் சாப்பிட முடியும். நாங்கள் சாப்பிடுகிறோம். எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவுப்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 54 கிராம் புரதம் வேண்டும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். நாள் முழுக்க 300 கிராம் அரிசியும் கோதுமையும் சாப்பிட்டால் அதிலிருந்தே 25 கிராம் வரை கிடைத்துவிடும். மீதியை வேறு எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். அரிசிப் புரதத்தில் குறைவாக இருப்பது பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறைவாக இருப்பது அரிசியில் இருக்கிறது. அதனால் சோறும் பருப்பும் சேர்ந்தால்தான் இரண்டுக்கும் முழுப் பலன். நம் பாட்டிமார் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டியது வீண்போகவில்லை.

அடுத்தது, 100 ரூபாய்க்கு எதில் எவ்வளவு புரதம் கிடைக்கிறது என்று பார்த்தேன். எங்கள் கடை விலையில் துவரம்பருப்பு கிலோ 140 என்றால், 100 ரூபாய்க்கு 155 கிராம் புரதம் வருகிறது. மசூர்ப் பருப்பு கிலோ 90. அதே 100 ரூபாய்க்கு 260 கிராமுக்கு மேல் வரும். முட்டை ஒன்று 7 ரூபாய், ஒன்றில் 6 கிராம், ஆக 85 கிராம். பாலில் அறுபது கிராமைத் தாண்டாது. சோயா உருண்டையில் பாதி எடைக்கு மேல் புரதமே, கிலோ 120க்குக் கிடைத்தால் 400 கிராமையும் தாண்டிவிடும். உங்கள் தெரு விலை வேறாக இருக்கலாம். ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டு வீடுகளில் பருப்பு என்றால் துவரை, மற்றதெல்லாம் பண்டிகைக்கும் பலகாரத்துக்கும் என்று ஒரு பழக்கம். மும்பையில் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் பெரிய லாபம். இங்கே மசூர், நரிப்பயறு, வெள்ளைப் பட்டாணி, கறுப்புக் கொண்டைக்கடலை எல்லாம் எந்த மளிகைக் கடையிலும் சில்லறையாகக் கிடைக்கும். 'பாவ் கிலோ' என்று கேட்டால் 250 கிராம் கட்டித் தருவார்கள். நான் சாம்பாருக்குத் துவரையும் மசூரும் பாதிப் பாதி போடுகிறேன். மசூர் சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால் சாம்பார் கெட்டியாகவும் நிற்கும். அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. "இது என்னம்மா, பருப்பு வாசமே வேறயா இருக்கு" என்றார்கள். பெருங்காயமும் பூண்டும் கூடுதலாகத் தட்டிப் போட்டதும் அந்தப் பேச்சு நின்றது.

பக்கத்து வீட்டு மாவ்ஷி (மராத்தியில் சித்தி) கற்றுக்கொடுத்தது பிட்லா. கடலைமாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கடுகு, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் தாளித்த எண்ணெயில் ஊற்றிக் கிளறினால் பத்தே நிமிடத்தில் குழம்பும் ஆயிற்று, வெஞ்சனமும் ஆயிற்று. ஐந்து பேருக்கு 150 கிராம் மாவு போதும். காய் வாங்காத நாளுக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. தேங்காய்க்குப் பதில் வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துக் குழம்பில் சேர்ப்பதும் அவர்களிடம் கற்றதுதான். இங்கே தேங்காய் விற்கும் விலைக்கு நாள்தோறும் அரைக்க முடியாது. கத்தரிக்காய்க் குழம்பில், கீரையில், சுரைக்காய்க் கூட்டில் இரண்டு கரண்டி கடலைப்பொடி போட்டால் ருசியும் வரும், புரதமும் சேரும்.

அதே சமயம் ஊர்ச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தஞ்சோறு சிக்கனத்துக்கென்றே பிறந்த சாப்பாடு. இரண்டு டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் வறுத்த கறுப்பு உளுந்தம்பருப்பு, பூண்டு, கொஞ்சம் வெந்தயம், உப்பு, கைப்பிடித் தேங்காய்த் துருவல். எல்லாம் ஒரே குக்கரில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வாரத்தில் ஒரு நாள் இதுதான், அன்றைக்குக் காய்கறிச் செலவே கிடையாது. காணத்துவையலும் அப்படித்தான். காணம் என்கிற கொள்ளு வாங்கி வறுத்து வைத்துக்கொண்டால் ரசம் சோற்றோடு ஒரு வேளை தாராளமாக ஓடும்.

சோயாவைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் வாசனை பிடிக்கவில்லை என்று ஒதுக்குவார்கள். உப்புப் போட்ட கொதிநீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, மறுபடி பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட வேண்டும். பிறகு பொடியாக நறுக்கி, வெங்காயம் மிளகுத்தூளோடு வதக்கினால் முட்டைப் பொரியல் மாதிரி இருக்கும். முழு உருண்டையாகப் போட்டால்தான் ஒதுக்குகிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். சனிக்கிழமை ராத்திரி 1,600 ரூபாய் கைக்கு வந்ததும் அதே ராத்திரி நான் வாங்குவது பருப்பு வகைகள் ஒன்றே முக்கால் கிலோ, அரைக் கிலோ வேர்க்கடலை, கொஞ்சம் சோயா. இது 270 ரூபாய்க்குள். முட்டை பதினைந்து. பாலுக்குத் தனியாக 190 எடுத்து வைத்துவிடுவேன், கொழுப்பு குறைத்த டோண்டு பால் தினம் அரை லிட்டர். முழுக் கொழுப்புப் பாலுக்கும் இதற்கும் புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, விலையில் இருக்கிறது. ரேஷன் போக வாங்கும் தானியத்துக்கு 210, எண்ணெய்க்கு 120, புளி மிளகாய் டீத்தூள் சர்க்கரைக்கு 140, மீனுக்கோ கருவாட்டுக்கோ கோழிக்கோ 150. மீதம் 400 சொச்சம். அதில்தான் வெங்காயம், தக்காளி, காய், கீரை எல்லாம். நாளுக்கு 50 ரூபாய் வைத்தது போகக் கொஞ்சம் மிஞ்சும், அதை டப்பாவில் போட்டுவிடுவேன். சிலிண்டர் வரும்போது அது கைகொடுக்கும்.

காய்கறியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், விலை அங்கேதான் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. தக்காளி விலை ஏறிய வாரத்தில் புளியை வைத்துச் சமாளிக்கலாம், பருப்புக்கு அப்படி மாற்று கிடையாது. மெனுவை எழுதி ஒட்டிவிட்டுக் காய் வாங்கப் போகாதீர்கள். 'செவ்வாய் ஏதோ ஒரு கீரையும் பருப்பும், புதன் ஏதோ ஒரு நீர்க்காய்' என்று ஒரு வகையை மட்டும் தீர்மானித்துக்கொண்டு போய், அன்றைக்கு எது மலிவோ அதை வாங்குங்கள். குளிர்காலத்தில் வெந்தயக்கீரை, பாலக், பச்சைப் பட்டாணி, முள்ளங்கி, கேரட் எல்லாம் இறங்கும். மழைக்காலத்தில் கீரை விலையும் கூட, சேறும் கூட. அப்போது பூசணி, சுரைக்காய், முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கைவண்டிக்காரர்கள் வண்டியைக் கட்டும் நேரத்தில் போனால் மீதியைக் கூறுபோட்டுக் கொடுப்பார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மறுநாள் மதியத்துக்குள் தீரும் அளவுக்கு மட்டும் எடுங்கள்.

தாதர் மார்க்கெட்டுக்குப் போனால் மலிவுதான். சயானிலிருந்து லோக்கல் ரயிலில் 5 ரூபாய். ஆனால் ஒரு வீட்டுக்கு வாங்கினால் போய்வரும் அலைச்சலுக்குக் கட்டாது. எங்கள் சந்தில் நாலு வீடு சேர்ந்து வெங்காயமும் உருளையும் பூண்டும் மொத்தமாக எடுத்துப் பிரித்துக்கொள்கிறோம். போகிறவருக்கு ரயில் காசை மற்றவர்கள் தர வேண்டும். இதை ஆரம்பத்திலேயே பேசி வைத்தால் மனக்கசப்பு வராது.

ரேஷன் விஷயத்தை நம்மவர்களில் பலர் விட்டுவிடுகிறார்கள். அட்டை ஊரில் இருக்கிறது, இங்கே செல்லாது என்று நினைக்கிறார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டது. உங்கள் அட்டை முன்னுரிமைக் குடும்ப (PHH) அட்டையாகவோ, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா (AAY) அட்டையாகவோ இருந்து, பெயர்களோடு ஆதார் இணைந்திருந்தால், மும்பையில் ரேஷன் கடையில் கைரேகை வைத்து எடுக்கலாம். முன்னுரிமை அட்டையில் ஒரு பெயருக்கு மாதம் 5 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து அதற்குக் காசு கிடையாது. எங்கள் ஐந்து பேருக்கு 25 கிலோ என்றால் மாதத் தானியத்தில் பாதிக்கு மேல் அதிலேயே முடிந்துவிடுகிறது. ஊரில் கிடைக்கும் மற்ற பொருள்கள் இங்கே கிடைக்காது, தானியம் மட்டும்தான். இந்த இரண்டு வகை அட்டையும் இல்லை என்றால் இந்த வசதி பொருந்தாது. ஊருக்குப் போகும்போது அட்டையின் முகப்பில் இருக்கும் வகைக் குறியீட்டைப் பார்த்து வாருங்கள்.

ரேஷன் அரிசியைக் கழுவும்போது சில மணிகள் வெளுப்பாக, வேறு மாதிரி தெரியலாம், சில சமயம் மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிபவர்களை எங்கள் சந்திலேயே பார்க்கிறேன். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணி. கிலோவுக்கு 10 கிராம் அளவில் கலந்திருப்பார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். ரேஷன் கோதுமையை மில்லில் அரைக்கும்போது 5 கிலோவுக்கு அரைக் கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை சேர்த்து அரைத்துவிடுங்கள். சப்பாத்தி கொஞ்சம் கனமாக வரும், ஆனால் பசி தாங்கும்.

முட்டையும் மீனும் இந்த ஊரில் எப்போது மலிவு என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆடி, ஆவணி வாக்கில் வரும் மராத்திக்காரர்களின் ஷ்ராவண மாதத்தில் பலரும் அசைவம் தொடமாட்டார்கள், கோழியும் முட்டையும் இறங்கும். குளிர்காலத்தில் முட்டை ஏறும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மகாராஷ்டிரக் கடலில் இயந்திரப் படகுகளுக்குத் தடை என்பதால் அந்த இரண்டு மாதம் பச்சை மீன் பக்கம் போகவே முடியாது. அதற்காக இங்கே மீனவர்களான கோளிப் பெண்கள் மே மாதத்திலேயே கருவாடு விற்பார்கள், காய்ந்த போம்பில் மீனும் ஜவ்லாவும். ஜவ்லா என்பது நம் கூனி இறால்தான். வெயில் இருக்கும்போதே வாங்கி, மறுபடி ஒரு நாள் நன்றாகக் காயவைத்து, இறுக்கி மூடும் டப்பாவில் போட்டு வைத்தால் மழைக்காலம் முழுக்க வரும். ஒரு கைப்பிடி ஜவ்லாவை வறுத்து வெங்காயம் தக்காளியோடு வதக்கினால் ஐந்து பேருக்கும் வெஞ்சனம் ஆகிவிடும். கருவாட்டில் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குக் குறைவாகப் போடுங்கள், அத்தைக்கு அன்றைக்கு நான் முட்டைதான் வைப்பேன்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். சிறிய வீட்டில், மும்பை மழையில், அது எல்லாப் பொருளுக்கும் ஒத்துவராது. ஈரத்தில் ரவையும் மாவும் சீக்கிரம் வண்டு பிடிக்கும், எலித் தொல்லை வேறு. கருவாடு போக, உப்பு, புளி, மிளகாய் வற்றல் மட்டும் மழைக்கு முன்னால் கூடுதலாக வாங்கி வைப்பேன். அவசரத்துக்கென்று ஒதுக்கியது தவிர, பருப்பு ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. பாக்கெட்டுகளில் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய்ப் பை முன்பு போல எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. ஒன்றில் 750 கிராம் இருக்கும், பக்கத்தில் இருப்பதில் 850 இருக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்பதைப் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதை ஒப்பிட்டு எடுங்கள். எங்கள் வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் போதுகிறது. தலைக்கு நாளொன்றுக்கு 20 மில்லி. அந்த வாரத்துக்குரியதைச் சிறு பாட்டிலில் ஊற்றி வைத்தால் கை தானாகவே அளவாகும்.

கடன் நோட்டுக் கடை பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அவசரத்துக்குக் கொடுக்கிறார்கள், அது பெரிய உதவி. ஆனால் பாக்கி நிற்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாது, சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். கடனில் எடுத்தே தீர வேண்டும் என்றால் விலை ஊரறிந்த பொருளாக எடுங்கள், உப்பு, சோப்பு, டீத்தூள் மாதிரி அச்சிட்ட விலை உள்ளவை. பருப்பையும் அரிசியையும் கைக்காசு கொடுத்து வாங்குங்கள். அங்கேதான் பேரம் பேச இடம் இருக்கிறது.

பிள்ளைகள் கையில் கொடுக்கும் காசும் சாப்பாட்டுச் செலவுதான். ஆளுக்கு 10 ரூபாய் சிப்ஸ் பாக்கெட் என்றால் இரண்டு பேருக்கு மாதம் 600. எங்கள் முட்டைச் செலவைவிட அது அதிகம். ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளைகள் ஏங்கிப்போவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இஷ்டம், மற்ற நாள் வேர்க்கடலை, வறுத்த கடலை, சுண்டல் என்று பேசி வைத்திருக்கிறோம். இருவரும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிப்பதால் மதியம் அங்கேயே சாப்பாடு உண்டு. எட்டாம் வகுப்பு வரை இது அவர்கள் உரிமை. அதை இழிவாக நினைத்து டப்பா கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பெண்களுக்காக. எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் மிஞ்சுவது சோறும் குழம்புத் தண்ணியும்தான். அடியில் இருந்த பருப்பும் முட்டையும் எப்போதோ போயிருக்கும். இறக்கியதுமே உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். என் மகள் இப்போது அவளாகவே எனக்கு எடுத்து வைக்கிறாள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சோற்றில் அரை எலுமிச்சை பிழிந்தால் அதே இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

கேஸும் இந்தக் கணக்கில் வர வேண்டும். கொண்டைக்கடலையும் பட்டாணியும் ராத்திரியே ஊறவேண்டும், ஊறாததை வேகவைத்தால் மலிவாக வாங்கியது அடுப்பில் போய்விடும். குக்கரில் அடியில் பருப்பு, மேலே கிண்ணத்தில் உருளையோ முட்டையோ வைத்தால் ஒரே சூட்டில் இரண்டும் முடியும்.

கூலி தள்ளிப்போகும் வாரம் என்று ஒன்று வரும். அதற்காக அரைக் கிலோ மசூர், அரைக் கிலோ கடலைமாவு, 2 கிலோ அரிசி மூன்றையும் பரணில் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ரேஷன் வாங்கி வந்ததும் பழையதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு புதியதை அதில் போடுகிறேன். வண்டு பிடிக்காமல் இருக்க அதுதான் என் வழி. ஐந்து பேருக்கு இரண்டு நாள் அதிலேயே ஓட்டிவிடலாம், யாரிடமும் கேட்காமல்.